புரோனோயா: நிலமானியம் வேண்டாம், வரிப்பேறு எனலாமா?

வணக்கம்.

பைசாந்தியப் (கிழக்கு ரோமானியப்) பேரரசின் வரலாற்றுச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பட்டியலில் மற்ற சொற்கள் ஏறக்குறைய படிந்துவிட்டன. புரோனோயா, அதாவது ஓர் இடத்தின் வரியைப் பேரரசர் ஒருவருக்கு ஒதுக்கிக் கொடுத்த ஏற்பாடு, மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. வந்த பரிந்துரைகளுக்கு வரிசையாகப் பதில் எழுதிவிட்டு என் சொல்லையும் வைக்கிறேன்.

> நிலமானியம் என்றே வைத்துவிடலாமே? பாடநூல் படித்த யாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். நிலமானிய முறை என்றதும் மேற்கு ஐரோப்பாவின் பிரபுவும் கோட்டையும்தான் கண்முன் வரும். புரோனோயாவில் பேரரசர் கைமாற்றியது முதன்மையாக நிலத்தை அல்ல, அந்த நிலத்துக் குடிகள் கருவூலத்துக்குக் கட்டவேண்டிய வரியை. பெறுபவர் அதற்கு ஈடாகப் பெரும்பாலும் படைச்சேவை செய்தார். போன நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் ஓஸ்ட்ரோகோர்ஸ்கி இதைப் பைசாந்தியத்தின் நிலமானிய முறை என்றே வாதிட்டார். பின்னால் வந்தவர்கள் பலர் அதை மறுத்தார்கள். அந்தச் சொல்லை நாம் எடுத்தால், நடந்துகொண்டிருக்கும் வழக்கில் ஒரு கட்சிக்குத் தீர்ப்பு எழுதியதாக ஆகிவிடும்.

நிலம் வேறு, வரி வேறு என்பது வெறும் நுணுக்கம் அல்ல. 1081இல் அலெக்சியோஸ் கொம்னேனோஸ் ஆட்சியைப் பிடித்தபோது கருவூலம் காலி. 1071இல் மான்சிகெர்த் போரில் செல்ஜுக் துருக்கியரிடம் தோற்ற பிறகு ஆசியா மைனரின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிருந்தது. தங்க நாணயத்தில் தங்கம் பேருக்குத்தான் இருந்தது. ரொக்கச் சம்பளம் கொடுக்க முடியாத அரசர், உறவினர்களுக்கு ஊர்களின் வரியையே ஒதுக்கினார். தம்பி ஆத்ரியானோஸுக்குக் கசாந்திரா தீபகற்பத்தின் வரி போனது. அங்கே ஆதோஸ் மலையின் லாவ்ரா மடத்துக்கு நிலம் இருந்தது. துறவிகள் பயந்துபோனார்கள்: வரியை இனி ஆத்ரியானோஸிடம் கட்டினால் நாளைக்கு நம்மையே அவருடைய குடிகள் என்று சொல்லிவிடுவார்களோ? அரசரிடம் முறையிட்டார்கள். நிலம் உங்களுடையதே, கருவூலத்துக்குக் கட்டியதை அவரிடம் கட்டுங்கள், அவ்வளவுதான் என்று 1084இல் உறுதி கிடைத்தது. இந்த ஒதுக்கீட்டைப் புரோனோயா என்றே சொல்லலாமா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் ஏற்பாட்டின் எலும்புக்கூடு இதுதான். நிலமானியம் என்று எழுதினால் துறவிகளின் பயமும் புரியாது, அரசரின் பதிலும் புரியாது.

> ஜாகீர் பழகிய சொல். முறையும் ஏறக்குறைய அதேதான்.

முறையை வைத்துப் பார்த்தால் இதுவரை வந்ததில் மிக நெருக்கமானது இதுவே. முகலாயர் காலத்து ஜாகீரும் வரி வசூலிக்கும் உரிமைதான், அதுவும் பரம்பரைச் சொத்து அல்ல. ஆனால் நம் ஊரில் ஜாகீர் என்றால் ஆரணி ஜாகீர் மாதிரி தலைமுறை தலைமுறையாக வந்த சொத்து நினைவுக்கு வருகிறது. அப்புறம், கான்ஸ்தாந்திநோபிள் அரசவையில் திடீரென்று ஜாகீர்தார் வந்து நின்றால் வாசகர் தடுமாறமாட்டாரா?

படைப்பற்று அழகான சொல். அதை முன்வைத்த ஐயா மன்னிக்கவேண்டும்: கல்வெட்டுகளில் அது பெரும்பாலும் படையினர் தங்கியிருந்த ஊரையே குறிக்கிறது. கொம்னேனோஸ் ஏற்பாட்டில் படைவீரர் அல்லாத அரச உறவினருக்கும் பங்கு இருந்தது. சோழர் கல்வெட்டுகளின் ஜீவிதம் இன்னும் பொருத்தம், ஊழியத்துக்கு ஈடாகப் பிழைப்புக்கு விடப்பட்டது என்பதுதான் பொருள். ஆனால் இன்றைக்கு ஜீவிதம் என்றால் வாழ்க்கை. அதை யார் மாற்றப்போகிறார்கள்?

> வரிக்கொடை?

பாதி சரி. முன்பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். பின்பாதிதான் இடிக்கிறது. நம் செப்பேடுகளில் கொடை என்றால் சந்திராதித்தவல், அதாவது நிலவும் சூரியனும் உள்ளவரை. புரோனோயா அப்படி அல்ல. பெற்றவர் இறந்தால், சிலசமயம் அரசர் மனம் மாறினாலே, திரும்பக் கருவூலத்துக்குப் போய்விடும். மகனுக்கு விட்டுச்செல்லும் உரிமையை மிகாயேல் பலையோலோகோஸ் (1259–1282) சிலருக்குச் சலுகையாகத்தான் தந்தார். திரும்ப வாங்கிக்கொள்ளும் கொடையைக் கொடை என்று யார் சொல்வார்கள்?

இதற்கு ஒரு மறுப்பு வரும், நானே சொல்லிவிடுகிறேன். மனுவேல் கொம்னேனோஸ் (1143–1180) இதைச் சாதாரணப் படைவீரர்வரை பரப்பியதைக் குறைகூறும் வரலாற்றாசிரியர் நிகேதாஸ் கோனியாத்தேஸ், அதைக் கொடை என்றுதான் குறிப்பிடுகிறார். ஊசியைத் தூக்கிப்போட்ட தையல்காரர், குதிரைக்காரர், செங்கல் அறுத்தவர், கொல்லுலையில் கரி படிந்தவர் எல்லாரும் ஆள்சேர்ப்பவருக்கு ஒரு பாரசீகக் குதிரையோ சில பொற்காசுகளோ கொடுத்துப் படையில் பெயர் எழுதிக்கொண்டார்களாம். அந்த ஊர்க் குடிகள் அரை அந்நியனுக்கு ஊழியம் செய்ய நேர்ந்தது என்று பொருமுகிறார். மேட்டுக்குடி எரிச்சல் அதில் நிறைய உண்டு. வயிற்றெரிச்சலில் எடுத்தாண்ட சொல்லைக் கலைச்சொல்லாக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

ஆக என் பரிந்துரை: வரிப்பேறு. பெற்றவர் வரிப்பேற்றாளர். பேறு என்பது பெற்றது. யாரோ ஒருவர் அருளியதால் வந்தது என்ற சாயலும் அதில் உண்டு. நிரந்தரம் என்ற உறுதியை அது தருவதில்லை. கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் பேணுதல், முன்கருதிப் பார்த்துக்கொள்ளுதல், இறையருள் என்றெல்லாம் விரியும். பேணல் என்று மொழிபெயர்த்தால் வரி என்ற விஷயமே மறைந்துவிடும். வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்:

"மனுவேல் படைவீரர்களுக்குத் தாராளமாக வரிப்பேறு வழங்கினார்."

"வரிப்பேற்றாளர் இறந்ததும் ஊரின் வரி மீண்டும் கருவூலத்தைச் சேர்ந்தது."

எனக்கு நாக்கில் தட்டவில்லை. முதல்முறை வரும் இடத்தில் மட்டும் "புரோனோயா எனப்பட்ட வரிப்பேறு" என்று எழுதினால் போதும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: பரோய்கோய் (ஒருமையில் பரோய்கோஸ்). பட்டியலில் கொத்தடிமை என்று இருக்கிறது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பரோய்கோஸ் வாரம் கட்டிப் பிறர் நிலத்தில் உழுதவர். காலப்போக்கில் அவருக்கே அந்த நிலத்தில் பரம்பரை உழவுரிமை ஏற்பட்டது. செங்கல்பட்டு மிராசு ஊர்களின் உள்குடிகளை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட சரி. சார்குடி என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். இதில் பிடிவாதம் இல்லை, வேறு நல்ல சொல் வந்தால் விட்டுக்கொடுத்துவிடுவேன்.

செபாஸ்தோக்ரத்தோர் போன்ற அரசவைப் பட்டங்களை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிடுவோம். அது அண்ணன் இசாக்குக்காக அலெக்சியோஸ் இரண்டு பட்டங்களை ஒட்டிச் செய்த புதுப்பட்டம். ஒரு புத்தாக்கத்தை இன்னொரு புத்தாக்கத்தால் மூடினால் வாசகர் எதைப் பிடித்துக்கொள்வார்? மகள் அன்னா கொம்னேனே தன் நூலில் அப்பாவின் இந்தப் பட்டம் உருவாக்கும் திறமையை மெச்சி எழுதியிருக்கிறார். கலைச்சொல் செய்பவர்களை இப்படிப் பாராட்ட ஆள் கிடைப்பது அபூர்வம்!

வரிப்பேறு, சார்குடி இரண்டுக்கும் ஆட்சேபம் உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடும் ஒரு மாதிரி வாக்கியத்தோடும் எழுதுங்கள். வெறும் "பிடிக்கவில்லை" என்றால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.