பாசிக் கரையில் பாஸ் மீன்: குழந்தைக்கு ஏற்ற இரை எது?

டெக்சாஸ், ஆஸ்டினில் உள்ள வால்டர் ஈ. லாங் ஏரிக்கரையில் ஏழு வயது மகளோடும் நான்கு வயது மகனோடும் தூண்டில் போடுகிறேன். லார்ஜ்மவுத் பாஸ் எனும் பெரிய வாய் நன்னீர் மீன் மட்டும் கைக்கு வருவதே இல்லை. படகு கிடையாது. கரையோரம் முழுக்கக் கோரையும் ஹைட்ரில்லா பாசியும்தான். மே மாத இறுதியிலிருந்து இதே கதை.

மகளிடம் இருப்பது பொத்தானை அழுத்தி வீசும் ஸெப்கோ 33 ரீல், 8 பவுண்டு இழுவை தாங்கும் தூண்டில் நரம்பு.

மண்புழு போட்டால் புளூகில் எனும் சிறு மீன்கள் முந்திக்கொள்கின்றன. பிள்ளைகளுக்கு அதுவே கொண்டாட்டம், ஏக்கம் எனக்குத்தான். ரப்பர் புழுவின் நடுவில் முள்ளைக் குத்தி விட்டால் பாசியில் மாட்டுகிறது. முள்முனையைப் புழுவுக்குள் மறைக்கும் டெக்சாஸ் முறையில் பாசி சிக்குவதில்லை. ஆனால் மீன் கவ்வியதும் முள் ஏறும்படி வெடுக்கென்று சுண்ட மகளின் கைக்கு வலு போதவில்லை. விடியலில் மிதக்கும் தவளை இரையைப் போடச் சொல்கிறார்கள்; என் பிள்ளைகளை எட்டு மணிக்கு முன் எழுப்பிவிட்டுப் பிறகு சொல்லட்டும்! மும்முள் இரைகளைக் குழந்தைகள் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீச மாட்டேன்.

காலை ஒன்பது மணிக்கு மேல், இந்தப் பாசிக் கரையில், ஏழு வயதுக் குழந்தை தானே வீசி இழுக்கக்கூடிய ஒற்றை முள் இரை எது?