சர்ஃப் போர்டுக்கு ஓரமும் அடியும் எப்படி வைக்கிறது? நாளைக்கே இழைக்கணும், உதவுங்க

காவேரிப்பட்டணம்_பட்டறை · சனி இரவு 10:47
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுலயே ஒரு சர்ஃப் போர்டு செஞ்சிட்டு இருக்கேங்க. மேல்வடிவம் அறுத்தாச்சு. ஓரத்தை உருட்டா வைக்கிறதா, கூரா வைக்கிறதா? அடியில ரெட்டைக் குழிவு (நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் நீளவாக்குல லேசான பள்ளம்) வேணும்னு ஒரு வீடியோல சொல்றாங்க, தட்டையா விட்டாலே போதும்னு இன்னொருத்தர் சொல்றார். நாளைக்கு ஞாயிறு, பட்டறை லீவு, அதுக்குள்ள இழைச்சாகணும். திங்கக்கிழமை ஃபைபர் போடறேன். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

கோவளம்_கரை · 11:02
தம்பி, உங்க எடை என்ன? பலகை எத்தனை அடி, எவ்வளவு அகலம், பருமன்? எந்தக் கடல்ல ஓட்டப்போறீங்க? இதுக்கு முன்னாடி அலையில நின்னிருக்கீங்களா? ஓரத்தை மட்டும் தனியா கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது.

அளவுகோல் · 11:09
இதே கேள்விக்கு நான் ஏற்கெனவே விரிவா எழுதியிருக்கேன். முதல்ல தேடிப் படிச்சிட்டுக் கேக்கிற பழக்கம் வரணும். ஓரம், அடி, ராக்கர் (பக்கவாட்டுல பாத்தா மூக்குல இருந்து வால் வரைக்கும் தெரியற வளைவு), ஃபின் (வால் பக்கம் அடியில நிக்கிற சின்னத் துடுப்பு) நாலும் ஒண்ணோட ஒண்ணு பின்னினது. ஒண்ணை மட்டும் தூக்கிட்டு வந்து “சீக்கிரம் சொல்லுங்க”ன்னா, அடிப்படையே புரியலைன்னு அர்த்தம்.

பென்னாகரம்_ஆத்தோரம் · 11:20
தட்டையா விடுங்க தம்பி, யோசிக்கவே வேணாம். ஒகேனக்கல்ல பரிசல் பாத்திருப்பீங்க. அடி தட்டை, ஓரம் உருட்டு. அந்தச் சுழல்லயும் ஆளைக் கவுக்காம கரை சேர்க்குது. தண்ணி எல்லா ஊர்லயும் தண்ணிதான்.

காவேரிப்பட்டணம்_பட்டறை · 11:31
72 கிலோ. 6 அடி, 19 இஞ்ச் அகலம், இரண்டரை இஞ்ச் பருமன். கோவளத்துல மூணு நாள் வகுப்பு போனேன், ரெண்டு தடவை எந்திரிச்சு நின்னேன். தெர்மாகோல்தாங்க, நடுவுல பிளைவுட் பட்டை.

கோவளம்_கரை · 11:58
முதல்ல கஷ்டமான செய்தி. மூணு நாள் பழகின 72 கிலோ ஆளுக்கு அந்தப் பலகை ரொம்பச் சின்னது. படுத்துக் கையால தண்ணி தள்ளும்போதே முங்கும், அலை உங்களை விட்டுட்டுப் போயிடும். ஏழரை அடி நீளம், 22 இஞ்ச் அகலம், 3 இஞ்ச் பருமன் வைங்க. சுமார் 55 லிட்டர் வரும், அது உங்களைத் தாங்கும். மிச்ச பிளாக் இருந்தா புதுசா அறுக்கிறதுதான் நல்லது.

இப்போ ஓரம். சொம்புல இருந்து டம்ளருக்குத் தண்ணி ஊத்திப் பாருங்க. வாய் உருட்டா இருந்தா தண்ணி சொம்போட வெளிப்பக்கமே ஒட்டிக்கிட்டு ஒழுகும். விளிம்பு வெட்டா இருந்தா பட்டுனு பிரிஞ்சு விழும். பலகையோட ஓரமும் இதேதான். உருட்டு ஓரத்தைத் தண்ணி சுத்திப் பிடிச்சுக்கும். பலகை அலையில பதிஞ்சு நிதானமா போகும், தப்பு பண்ணினாலும் மன்னிக்கும். கூர் ஓரத்துல தண்ணி பிரிஞ்சு போயிடும். வேகம் வரும், ஆனா கால் கொஞ்சம் பிசகினா ஓரம் வெட்டிக் கவுத்துடும்.

அதனால முழுக்க ஒண்ணையே வைக்காதீங்க. மூக்குல இருந்து நடு தாண்டி உருட்டு, அதாவது துருத்தின கோடு பருமனுக்கு நடுவுல வர்ற 50/50. அங்கிருந்து அந்தக் கோடு மெதுவா கீழ இறங்கட்டும். வால்ல கடைசி ஒண்ணே கால் அடிக்கு மட்டும் அடிவிளிம்பு நகத்துல தட்டுற அளவுக்குக் கூரா இருக்கணும்.

அடி தட்டை. ஃபின் வர்ற இடத்துல லேசான வீ (V வடிவம்), நடுக்கோட்டுக்கும் ஓரத்துக்கும் மூணு நாலு மில்லி வித்தியாசம் போதும். ரெட்டைக் குழிவு வேகமா போற பலகைக்கு. இங்க பெரும்பாலான நாள் இடுப்பளவு அலைதான். அதுல குழிவு உங்களுக்கு ஒண்ணும் தராது. ரெண்டு பக்கமும் ஒரே ஆழத்துல கையால குழிக்கிறதும் லேசு இல்ல.

ஓசூர்_ஃபைபர்வேலை · ஞாயிறு 12:06
ஃபைபர் போட என்ன ரெசின் (கண்ணாடித் துணியை ஒட்டி இறுக வைக்கிற பிசின்) வாங்கியிருக்கீங்க?

அளவுகோல் · 12:10
கோவளம்_கரை சொன்னது சரி, ஆனா பரிசல் உதாரணம் தப்பு. பரிசல் வட்டம், அடியில எதுவும் இல்ல, அதனாலதான் ஒத்தைத் துடுப்புல சுத்திக்கிட்டே போகும். நேரா போறதுக்குத்தான் ஃபின். 1935-ல டாம் பிளேக் பலகைக்கு ஃபின் வெச்சார். 1980-ல சைமன் ஆண்டர்சன் மூணு ஃபின் பலகை செஞ்சார், இன்னிக்கு வரைக்கும் அதுதான் அதிகம் ஓடுது. வரலாறு தெரியாம ஆத்தையும் கடலையும் குழப்பக் கூடாது.

பென்னாகரம்_ஆத்தோரம் · 12:24
எங்க அப்பா இருவது வருஷம் பரிசல் ஓட்டினவர். சுத்தறது குறை இல்லைங்க ஐயா, அது ஓட்டறவர் கையில இருக்கிற பிடி. பாறை வந்தா ஒரே துடுப்புல திருப்பறதுக்குத்தான் அந்த வட்டம். நீளமா, கூரா இருந்தா அங்க உடைஞ்சிருக்கும். அடியில மூங்கில் பின்னல் தரையில உரசினா வளைஞ்சு கொடுக்கும். அதைப் பழசுன்னு தள்ளாதீங்க.

கோவளம்_கரை · 12:33
ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். ஃபின் இல்லாமலும் பிடி கிடைக்கும்: 1937-ல ஹவாயில ஜான் கெல்லி கூட்டாளிகளோட வாலைக் குறுக்கி, அடியை வீயா செதுக்கித்தான் செங்குத்து அலையில வழுக்காம ஓட்டினாங்க. அதனாலதான் வீ சொன்னேன். எங்க தாத்தா கட்டுமரத்துல அலை ஏறி வரும்போது கால் பெருவிரலாலயே திசை பிடிப்பார். இதுல யாரும் யாரையும் தள்ள வேணாம்.

ஓசூர்_ஃபைபர்வேலை · 12:36
மறுபடியும் கேக்கிறேன், என்ன ரெசின்? பதில் வராம ஒரு சொட்டுகூட ஊத்தாதீங்க.

மாந்தோப்பு_சந்தூர் · காலை 6:15
கிருஷ்ணகிரி கேஆர்பி டேம்ல போட்டு மிதக்குதான்னு பாத்துட்டு அப்புறம் கடலுக்குக் கொண்டு போகலாமே?

கோவளம்_கரை · 6:40
வேணாங்க. டேம்ல அலை கிடையாது, ஓரமும் அடியும் எப்படின்னு அங்க தெரியவே தெரியாது. மதகுப் பக்கம் இழுப்பு வேற, ஆபத்து. மிதக்குதான்னு பாக்க ஊர்க் கிணத்துப் படிக்கட்டு போதும்.

காவேரிப்பட்டணம்_பட்டறை · 7:05
பிளாக் 8 அடி இருக்கு, புதுசா ஏழரைக்கு அறுக்கிறேன். ரெசின் ஓசூர்ல வாங்கினதுங்க, தண்ணித்தொட்டிக்குப் போடற சாதா ஃபைபர் ரெசின். கூடவே ஃபைபர் மேட்டும் (நெய்யாத கண்ணாடி நார் விரிப்பு) ஹார்ட்னரும் (ரெசினை இறுக வைக்கிறது) கொடுத்தாங்க.

ஓசூர்_ஃபைபர்வேலை · 7:08
நிறுத்துங்க! அது பாலியெஸ்டர். அதுல ஸ்டைரீன் இருக்கு. தெர்மாகோலும் ஸ்டைரீன்ல இருந்து வந்ததுதான், அதனால பெட்ரோல் பட்ட மாதிரி கரையும். சின்னப் பசங்க பெட்ரோல்ல தெர்மாகோலைக் கரைச்சுப் பசை செய்வாங்களே, அதே கதை. நம்பிக்கை இல்லைன்னா வெட்டின மிச்சத் துண்டுல ஒரு ஸ்பூன் ஊத்திப் பாருங்க. ஓரம், அடி எல்லாம் அப்புறம்.

தெர்மாகோலுக்கு எபாக்ஸி ரெசின் மட்டும்தான். மேட் வேணாம், அது ரெசினைக் குடிச்சுக் கனம் ஏத்தும். நெய்த கண்ணாடித் துணி, 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்), அடியில ஒரு சுத்து, மேல ரெண்டு சுத்து. பிளைவுட் பட்டையை ஒட்ட மரப்பசை போதும், ரப்பர் பசை தொடாதீங்க. ஸ்ப்ரே பெயின்ட்டும் நேரா அடிக்காதீங்க. ரெண்டும் அரிச்சுடும். எபாக்ஸிக்கு ஹார்ட்னரைத் தராசுல நிறுத்துக் கலக்கணும், கண் திட்டம் ஆகாது.

அளவுகோல் · 7:30
இதை நான் முதல்லயே கேட்டிருக்கணும். வரலாறு பேசிட்டு இருந்துட்டேன். ஓசூர்க்காரருக்கு நன்றி. தம்பி, ரெண்டு பக்க ஓரமும் ஒண்ணா வர ஒரு வழி: ஒரு பக்கம் சீவி முடிச்சதும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில அந்த வளைவை வெட்டி வெச்சுக்கோங்க. ஒவ்வொரு அடி நீளத்துக்கும் ஒரு அட்டை. மறுபக்கத்துல வெச்சுப் பாத்து, வெளிச்சம் தெரியாத வரைக்கும் உப்புத்தாள் போடுங்க.

மாந்தோப்பு_சந்தூர் · 9:50
தம்பியைக் காணோம். ஊத்திட்டாரா?

காவேரிப்பட்டணம்_பட்டறை · மாலை 6:22
துண்டுல ஊத்திப் பாத்தேங்க. நிமிஷத்துல மணி மணியா சுருங்கி உள்ள போச்சு, கட்டைவிரல் நுழையற குழி. ரெசினைத் திருப்பிக் கொடுக்கப் போறேன். ஏழரை அடிக்கு அறுத்து ஒரு பக்கம் ஓரம் சீவியாச்சு, அட்டை நாலு வெட்டியிருக்கேன். வால்ல கூர் இன்னும் வரல, தெர்மாகோல் மணி பிய்யுது.

ஓசூர்_ஃபைபர்வேலை · 6:41
பிய்யத்தான் செய்யும், பேக்கிங் தெர்மாகோல் அடர்த்தி கம்மி. அடுத்த தடவை கன மீட்டருக்கு 20 கிலோவுக்குக் குறையாம கேட்டு வாங்குங்க. வால்ல அந்தக் கூர் விளிம்பைத் தெர்மாகோல்ல எடுக்காதீங்க. துணி போட்டு முடிஞ்சதும் வால்ல டேப் ஒட்டி அணை கட்டி, எபாக்ஸியை விளிம்பு வரைக்கும் ஊத்தி, காஞ்சதும் உப்புத்தாள்ல கூர் எடுங்க.

கோவளம்_கரை · 6:55
கொண்டு வரும்போது வண்டி மேல வெயில்ல கட்டிப் போடாதீங்க. உள்ள இருக்கிற காத்து சூட்டுல விரிஞ்சு துணி உப்பிக்கும். ராத்திரி கிளம்புங்க. ஐப்பசிக்கு முன்னாடி வந்துடுங்க, அப்புறம் வாடைக் காத்துல கடல் கலங்கிக் கிடக்கும்.

காவேரிப்பட்டணம்_பட்டறை · இரவு 9:14
சரிங்கண்ணா. எபாக்ஸி வந்ததும் போட்டோ போடறேன்.