புதுப்பிப்பு: பழைய ரான்சம்ஸ் புல்வெட்டி இப்போது காகிதத்தையே நறுக்குகிறது

கையால் தள்ளும் ரான்சம்ஸ் நிறுவனத்தின் பழைய உருளைப் புல்வெட்டி புல்லை வெட்டாமல் மடக்கிவிட்டுப் போகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது அருமையாக வெட்டுகிறது.

முதலில் கத்திகள் பொருத்திய சுழலும் உருளையின் இரு முனைகளிலும் விட்டத்தை அளந்தேன். வித்தியாசம் இல்லை. ஒரு பக்கம் தேய்ந்து கூம்பாகியிருந்தால் சாணைப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். கீழே அசையாமல் நிற்கும் அடிக்கத்திதான் விளிம்பு மழுங்கிக் கிடந்தது. துருவேறிய திருகுகளை எண்ணெயில் நன்றாக ஊறவிட்டுக் கழற்றி, புதுக் கத்தி போட்டேன்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. எஞ்சின் வால்வு தேய்க்கும் பேஸ்டை (உலோகத்தைத் தேய்க்கும் துகள் கலந்த பசை) உருளையின் கத்திகளில் பூசி, அடிக்கத்தியை லேசாகத் தொடும்படி வைத்து, உருளையைப் பின்பக்கமாகச் சுற்றினேன். ஒவ்வொரு கத்தி விளிம்பிலும் முழுநீளத்துக்கு ஒரே சாம்பல் கோடு தெரியும்வரை சுற்ற வேண்டும். உருளைக் கத்தியும் அடிக்கத்தியும் கத்தரிக்கோல் போலச் சேர்ந்து வெட்டுகின்றன. புல்வெட்டியைக் கண்டுபிடித்த எட்வின் பட்டிங் 1830-இல் காப்புரிமை பெற்ற அதே தத்துவம்தான் இது. கம்பளித் துணியின் பிசிறை நறுக்கும் ஆலை இயந்திரத்திலிருந்து அவர் எடுத்த யோசனை. எவ்வளவு அழகான யோசனை!

பேஸ்டை மண்ணெண்ணெயால் துளியும் மிச்சமில்லாமல் கழுவுங்கள். பேரிங்கில் புகுந்தால் அதையும் தேய்த்துவிடும்.

உருளைக்கும் அடிக்கத்திக்கும் நடுவே வைத்துச் சோதித்தால், செய்தித்தாள் துண்டு எல்லா இடத்திலும் சுத்தமாக வெட்டுப்படுகிறது. சிலர் அடிக்கத்தியை உருளையோடு இறுக்கிவைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொட்டும் தொடாமலும் இருந்தால் தள்ளவும் சுலபம், கத்தியும் சீக்கிரம் தேயாது. சோதிக்கும்போது தடித்த தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரல் எட்டவே இருக்கட்டும்.