லார்ட் டோர்: டெல்நெட்டில் கறுப்புத் திரை வந்து மெனுவுக்கே திரும்புகிறது (மிஸ்டிக் + டாஸ்எமு2)

ஒற்றைநோடு:

வணக்கம். டெபியன் 12, 64 பிட். பிபிஎஸ் (டெல்நெட்டில் பயனர்கள் வந்து உரைத் திரையில் பழகும் சர்வர்) மென்பொருள் மிஸ்டிக் 1.12, அதில் டாஸ்எமு2 (லினக்ஸில் டாஸ் நிரல்களை ஓட்டும் மென்பொருள்) வழியாக லெஜெண்ட் ஆஃப் த ரெட் டிராகன் (லார்ட்) 4.07 என்ற டோர், அதாவது பிபிஎஸ் மெனுவிலிருந்து திறக்கும் வெளி விளையாட்டு.

ஷெல்லில் ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால் டாஸ்எமு திறக்குது, லார்ட் உள்ளூர் முறையில் ஓடுது. டெல்நெட்டில் வந்து மெனுவில் அதே டோரைத் தேர்ந்தெடுத்தால் கறுப்புத் திரை, மூன்று நொடி, திரும்ப மெனு. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

மெனு கட்டளை: டி3
லார்ட்சிஎஃப்ஜியில் (லார்டின் அமைப்பு நிரல்) நோடு 1 (முதல் இணைப்புக்கான தடம்): டோர்.சிஸ் (பயனர் விவரத்தை டோருக்குச் சொல்லும் ஃபைல்), பாதை சி:\டெம்ப்1
மிஸ்டிக்கின் டெம்ப்1 ஃபோல்டரில் ஒரு டோர்.சிஸ் இருக்கு. அதில் முதல் வரி "காம்0:", நான்காம் வரி 1.

எங்கே தப்பு?

ஃபாசில்14:

ஒன்றல்ல, நாலு தப்பு தெரிகிறது. வரிசையாகப் பாருங்கள்.

டி3 கட்டளை டோர்32.சிஸ் என்ற 11 வரி ஃபைலை எழுதும். அதன் முதல் வரி இணைப்பின் வகை (0 உள்ளூர், 1 சீரியல், 2 டெல்நெட்), இரண்டாம் வரி சாக்கெட் எண். 32 பிட் டோர்கள் அந்தச் சாக்கெட்டை நேராக எடுத்துப் பேசும். லார்ட் 16 பிட் டாஸ் நிரல், அதற்குச் சாக்கெட் என்றால் என்னவென்றே தெரியாது. டிஜி என்று மாற்றுங்கள், அதுதான் டோர்.சிஸ் எழுதுவது. டிடி போட்டால் டோரின்ஃபோ1.டெஃப் வரும், டிசி போட்டால் செயின்.டிஎக்ஸ்டி. லார்ட்சிஎஃப்ஜியில் சொன்ன வகையும் மெனு கட்டளையும் ஒன்றாக இருந்தாக வேண்டும்.

நீங்கள் காட்டிய டோர்.சிஸ் பழைய மிச்சம். "காம்0:" என்றால் "ஆள் கன்சோலில் உட்கார்ந்திருக்கிறார்" என்று பொருள். எப்போதோ உள்ளூர் லாகினில் சோதித்தபோது எழுதப்பட்டிருக்கும். அதை நம்பி லார்ட் ஓடினால் எல்லாவற்றையும் உள்ளூர் திரைக்கே அனுப்பும், டெல்நெட்காரருக்கு ஒன்றும் போகாது. ஃபைலை அழித்துவிட்டு டெல்நெட்டில் வந்து புதிதாக எழுதவிடுங்கள்.

மூன்றாவது, பாதை. டாஸ்எமுவின் சி டிரைவ் என்பது உங்கள் ஹோமில் உள்ள .டாஸ்எமு/டிரைவ்_சி. மிஸ்டிக்கின் டெம்ப்1 அதற்குள் இல்லை. டிரைவ் எழுத்து ஒதுக்கி மாரடிப்பதைவிட, ஸ்கிரிப்டே ஒவ்வொரு முறையும் ஃபைலை டிரைவ்_சிக்குள் நோடு1 என்ற ஃபோல்டருக்கு நகல் எடுப்பது எளிது. லார்ட்சிஎஃப்ஜியில் சி:\நோடு1 என்று கொடுங்கள். ஃபோல்டர் பெயர் 8 எழுத்தைத் தாண்டக் கூடாது. பெரிய எழுத்தில் ஒன்று, சிறிய எழுத்தில் ஒன்று என ஒரே பெயரில் இரண்டு ஃபைல் கிடந்தால் டாஸ் பக்கம் ஒன்றுதான் தெரியும், அது பழையதாகவே இருந்து தொலைக்கும். நகலுக்கு முன் அழித்துவிடுங்கள்.

நாலாவதுதான் பலரை நாள்கணக்கில் அலைக்கழிப்பது: வரி முடிவு. லினக்ஸில் வரி முடிவு ஒற்றை பைட், எண் 10. டாஸில் 13, 10 என இரண்டு. லார்ட் டர்போ பாஸ்கலில் எழுதியது. டர்போ பாஸ்கலின் ரீட்எல்என் (ஒரு வரி படிக்கும் கட்டளை) 13ஐப் பார்த்தால்தான் வரி முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். 13 இல்லாத ஃபைலைக் கொடுத்தால் முதல் ரீட்எல்என் 52 வரியையும் ஒரே வாயில் விழுங்கிவிடும், அடுத்த 51 முறையும் வெற்று வரி. பெயர் காலி, மீதி நேரம் பூஜ்யம். நேரம் இல்லாதவரை லார்ட் ஏன் உள்ளே விடப்போகிறது? யூனிக்ஸ்2டாஸ் போட்டு நகல் எடுங்கள். ஏற்கெனவே 13 இருக்கும் வரியை அது இரட்டிப்பாக்காது, அதனால் எப்போதும் போடலாம்.

மாற்றிய பிறகு டோர்.சிஸில் நாலே நாலு வரியைச் சரிபாருங்கள்: 1 (போர்ட்), 4 (நோடு எண்), 19 (மீதி நிமிடம்), 20 (ஜிஆர் என்று இருந்தால் ஆன்சி வண்ணம், என்ஜி என்றால் வெறும் எழுத்து).

ஒற்றைநோடு:

நாலும் மாற்றியாச்சு. இப்போ வரி 1 "காம்1:", 19 இல் 60, 20 இல் ஜிஆர். ஷெல்லில் அருமை. டெல்நெட்டில் இன்னும் அதே கறுப்புத் திரை.

சிஸ்ஆப்பு:

"ஷெல்லில் ஓடுது, பிபிஎஸில் ஓடலை" என்றால் முதலில் சூழல் மாறிகளைப் பாருங்க. 23ஆம் போர்ட்டைப் பிடிக்க மிஸ்டிக் சர்வரை ரூட்டாகத் தொடங்கியிருப்பீங்க. அது பிறகு சாதாரண பயனராக இறங்கினாலும் ஹோம் மாறி /ரூட் என்றே ஒட்டிக்கொண்டு வரலாம். அப்போ டாஸ்எமு /ரூட் ஃபோல்டருக்குள் தன் அமைப்பைத் தேடும், அனுமதி கிடைக்காது, சத்தமில்லாமல் செத்துப்போகும்.

ஸ்கிரிப்டின் தலையிலேயே ஹோமையும் டெர்மையும் நீங்களே நிர்ணயிச்சுடுங்க. எல்லாப் பாதையும் / இல் தொடங்கும் முழுப்பாதையாக இருக்கட்டும். டாஸ்எமு வரியின் கடைசியில் 2> போட்டுப் பிழைகளை ஒரு லாக் ஃபைலுக்கு அனுப்புங்க. அந்த ஒரு லாக் இருந்திருந்தால் இந்த இழையில் பாதி தேவைப்பட்டிருக்காது.

அந்தப் பயனர் கேவிஎம் (சிபியுவின் மெய்நிகராக்க வசதி) குழுவில் இருக்காரா என்பதும் பாருங்க. இல்லாட்டி டாஸ்எமு2 சிபியுவை மென்பொருளிலேயே பாவனை செய்யும். லார்டுக்கு அந்த வேகமே தாராளம், ஆனால் வாடகை சர்வரில் சிபியு மீட்டர் ஏறும்.

விஜிஏவாசி:

இவ்வளவு பாடு எதுக்கு தல? பிபிஎஸ்லிங்க், டோர்பார்ட்டி மாதிரி வெளி சர்வரில் சேர்ந்தால் அவங்க மெஷினில் கேம் ஓடும், உங்க பிபிஎஸ் இணைப்பை மட்டும் கடத்திவிடும். பத்து நிமிஷ வேலை.

ஃபாசில்14:

உண்மை. ட்ரேட்வார்ஸ் மாதிரி கூட்டம் தேவைப்படும் விளையாட்டுக்கு அதுதான் நல்லது, நாலு பேர் இல்லாத பிரபஞ்சத்தில் யாரோடு வணிகம் செய்வது? ஆனால் லார்டின் தினச் செய்திகள், அதில் ஒருவரை ஒருவர் சீண்டுவது எல்லாம் உங்கள் பிபிஎஸ் ஆட்களுக்குள் நடந்தால்தான் சுவை. கேள்வி கேட்டவர் சொந்தமாக ஓட்ட நினைப்பதில் தவறில்லை.

ஒற்றைநோடு:

ஹோம்தான்! லாகில் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று அச்சு அசலாக இருந்தது. சரிசெய்தேன், லார்டின் தலைப்புத் திரை டெல்நெட்டில் வந்துடுச்சு.

புதுத் தொல்லை: எல்லாம் இரண்டிரண்டாக ஒன்றின் மேல் ஒன்று விழுது. கோடு வரவேண்டிய இடத்தில் மூன்று மூன்று குப்பை எழுத்து. கிளையண்ட் சிங்க்டெர்ம்.

கோடு437:

அந்த மூன்று எழுத்து என்ன? கிரேக்க காமா, தலையில் இரு புள்ளி வைத்த ஓ, வால் வைத்த சி என்று வருகிறதா?

ஒற்றைநோடு:

ஆமா, அச்சு அதேதான்.

கோடு437:

அப்படியானால் குற்றம் சிங்க்டெர்மில் இல்லை. கிடைக்கோடு 437ஆம் கோட்பேஜில் (டாஸின் பழைய எழுத்துத் தொகுப்பு) ஒரே பைட். யுடிஎஃப்-8இல் அது மூன்று பைட். அந்த மூன்றையும் 437இன் கண்ணால் படித்தால் கிடைப்பதுதான் அந்தக் காமா, ஓ, சி. அதாவது உங்கள் பக்கத்தில் யாரோ மொழிபெயர்க்கிறார்கள். அது டாஸ்எமுவின் திரை. டாஸ் திரையில் எழுதப்படுவதை அது யுடிஎஃப்-8ஆக மாற்றி டெர்மினலுக்கு அனுப்பும். (எதிர்க் கோளாறும் உண்டு: 437 பைட்டுகள் யுடிஎஃப்-8 டெர்மினலுக்குப் போனால் வைரத்துக்குள் கேள்விக்குறி வரும். அப்போதுதான் கிளையண்டைக் குறை சொல்ல வேண்டும்.)

இரட்டிப்புக்கும் அதுவே காரணம். லார்ட் இரண்டு இடத்தில் எழுதுகிறது: சீரியல் போர்ட்டிலும், சிஸாப் (பிபிஎஸ் நடத்துபவர்) பார்ப்பதற்கான உள்ளூர் திரையிலும். உங்கள் அமைப்பில் இரண்டும் ஒரே டெர்மினலில் வந்து மோதுகின்றன. டாஸ்எமு கட்டளையில் பெரிய ஐ ஆப்ஷன் மூலம் வீடியோவை "நன்" ஆக்குங்கள், சீரியலை "வர்ச்சுவல் காம் 1" ஆக்குங்கள். திரை ஒழிந்தால் மொழிபெயர்ப்பாளரும் ஒழிந்தார், சீரியல் வழியே பைட்டுகள் வந்தபடியே போகும்.

ஸ்கிரிப்ட் தொடக்கத்தில் எஸ்டிடிஒய் மூலம் டெர்மினலை ரா முறைக்குக் கொண்டுபோய் எக்கோவை நிறுத்துங்கள், முடிவில் சேன் என்று பழையபடி ஆக்குங்கள். சாதாரண முறையில் லினக்ஸ் டெர்மினல் 13ஐ 10ஆக மாற்றிக் கொடுக்கும். டாஸ் கேம் எதிர்பார்ப்பது 13. எண்டர் தட்டத் தட்டக் கேம் அசையாமல் நின்றால் இதுதான் காரணம்.

ஃபாசில்14:

கூடவே ஃபாசில், அதாவது டாஸ் கேமுக்கும் சீரியல் போர்ட்டுக்கும் நடுவில் நிற்கும் டிரைவர். டாஸ் பக்கம் லார்டுக்கு முன்னால் எக்ஸ்00 அல்லது பிஎன்யு ஏற்றப்பட்டிருக்க வேண்டும். லார்ட்சிஎஃப்ஜியில் ஃபாசில் பயன்படுத்து என்பதற்கு ஆம். கவனம்: ஃபாசில் டிரைவர் போர்ட்டுகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். டிரைவருக்கு 0 என்பது கேமுக்கு காம்1. இந்த ஒன்று பிசகினால் டிரைவர் ஒரு போர்ட்டில் காத்திருக்கும், கேம் வேறொன்றில் கத்திக்கொண்டிருக்கும்.

ஓட்டும்போது லார்ட் எக்ஸியை நேரடியாகக் கூப்பிடாமல், அந்த ஃபோல்டருக்குள் போய் ஸ்டார்ட்.பேட் ஃபைலை நோடு எண்ணோடு கூப்பிடுங்கள்.

ஒற்றைநோடு:

கோடு நேராக வருது, எண்டர் வேலை செய்யுது. நன்றி! இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் அவருக்கும் முதல் ஆளின் பெயரே வருதே?

ஃபாசில்14:

ஸ்கிரிப்டில் டெம்ப்1, நோடு1 என்று கையால் எழுதியிருப்பீர்கள். மிஸ்டிக் மெனுவில் ஸ்கிரிப்ட் பெயருக்குப் பின் நோடு எண்ணுக்கான குறியீட்டைப் போட்டால் நோடு எண் வரும். ஸ்கிரிப்ட் அதை $1 ஆக வாங்கி, டெம்ப், நோடு, ஸ்டார்ட்.பேட் மூன்றுக்கும் அதையே பயன்படுத்தட்டும். லார்ட்சிஎஃப்ஜியில் நோடு 2ஐயும் உருவாக்க வேண்டும், தானாக வராது.

நோடு 2க்கு காம்2 என்று போடாதீர்கள். ஒரே மெஷினில் இரண்டு மோடம் செருகியிருந்த காலத்துப் பழக்கம் அது, பழைய டாக்குமென்ட் எல்லாம் அப்படித்தான் சொல்லும். இங்கே ஒவ்வொரு டாஸ்எமுவும் தனி மெஷின். ஒவ்வொன்றுக்கும் ஒரே போர்ட், அது காம்1.

இன்னொன்று, கேம் ஃபைல்கள் டிரைவ்_சி போன்ற சாதாரண ஃபோல்டரில் இருக்கட்டும். டிஸ்க் இமேஜுக்குள் வைத்து இரண்டு டாஸ்எமு ஒரே நேரத்தில் எழுதினால் இமேஜின் ஃபேட் அட்டவணையே நாசமாகும்.

சிஸ்ஆப்பு:

ஆள் பாதியில் இணைப்பை அறுத்துட்டுப் போனால் டாஸ்எமு அனாதையாக ஓடிக்கிட்டிருக்கும், அதுக்கும் ஒரு வழி வையுங்க. லினக்ஸின் டைம்அவுட் கட்டளைக்குக் கீழே ஓட்டுங்க, நிமிடத்தை டோர்.சிஸ் 19ஆம் வரியிலிருந்தே எடுக்கலாம். ஃபோர்கிரவுண்ட் ஆப்ஷன் கட்டாயம். அது இல்லாட்டி டைம்அவுட் நிரலைப் பின்னணிக் குழுவுக்குத் தள்ளிடும், டெர்மினலைப் படிக்கப் போன நொடியே கெர்னல் அதை நிறுத்தி வைச்சுடும், திரும்பவும் கறுப்புத் திரைன்னு இங்கே வந்து நிப்பீங்க. அந்த ஆப்ஷனோட கேடு, பேரப்பிள்ளைச் செயல்முறைகளுக்குக் கெடு பொருந்தாது. அதனால டைம்அவுட்டுக்கு அடியில் டாஸ்எமுவையே நேரா வையுங்க, நடுவில் இன்னொரு ஸ்கிரிப்ட் வேண்டாம்.

சிபியு 100% காட்டினால் டாஸ்எமு அமைப்பில் ஹாக்த்ரெஷோல்டை 1 ஆக்குங்க. டாஸ் நிரல் சும்மா இருக்கத் தெரியாமல் விசைப்பலகையையே பார்த்துச் சுத்திக்கிட்டிருக்கும். 1 வைச்சால் அந்த வெட்டி நேரம் லினக்ஸுக்குத் திரும்பும். 0 வைச்சால் எல்லாம் டாஸுக்கே.

இருபத்திநாலு_வரி:

இழையில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். என்னிடம் விண்டோஸ் 11. நெட்ஃபாஸ் (விண்டோஸுக்கான ஃபாசில் டிரைவர்) போட்டேன், லார்ட் எக்ஸியைத் தொட்டாலே "இந்தக் கணினியில் ஓடாது" என்கிறது.

ஃபாசில்14:

ஓடாது. 16 பிட் நிரலை ஓட்டும் என்டிவிடிஎம் 64 பிட் விண்டோஸில் கிடையாது, விண்டோஸ் 11க்கோ 32 பிட் பதிப்பே இல்லை. விண்டோஸ் 10இன் 32 பிட் பதிப்பை விர்ச்சுவல் மெஷினில் போட்டு, அதில் என்டிவிடிஎம்மை இயக்கினால் நெட்ஃபாஸ் வேலை செய்யும்.

ஒற்றைநோடு:

லார்ட் இரண்டு நோடிலும் ஓடுது. அதே ஸ்கிரிப்டில் இன்னொரு பழைய டோரைப் போட்டேன், "ரன்டைம் எர்ரர் 200" என்று உடனே வெளியேறுது. இது என்ன கணக்கு?

கோடு437:

வகுத்தல் கணக்குதான். டர்போ பாஸ்கலின் சிஆர்டி யூனிட் நிரல் தொடங்கும்போதே ஒரு வெற்றுச் சுழலை ஓட்டி, ஒரு கடிகாரத் துடிப்பில், அதாவது ஏறத்தாழ 55 மில்லி நொடியில், எத்தனை முறை சுற்றியது என்று எண்ணி 55ஆல் வகுக்கும். டிலே எவ்வளவு நேரம் என்பதை அளக்க அந்த எண் வேண்டும். ஈவு 65535ஐத் தாண்டினால் 16 பிட் ரெஜிஸ்டரில் அடங்காது, சிபியு வகுத்தல் பிழை எழுப்பும், பாஸ்கல் அதை 200 என்று சொல்லிவிட்டுச் செத்துப்போகும். கேம் கெட்டுப்போகவில்லை, உங்கள் சிபியு அதற்கு மிதமிஞ்சிய வேகம்.

டிபிபேட்ச் போன்ற திருத்தி எக்ஸியில் அந்த இடத்தை மாற்றிவிடும். "இடம் கிடைக்கவில்லை" என்று சொன்னால் எக்ஸி பிகேலைட்டாலோ எல்இசட்எக்ஸியாலோ சுருக்கப்பட்டிருக்கும், முதலில் விரித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சில டோர்கள் தம் எக்ஸி மாறியிருக்கிறதா என்று தாமே சோதித்துப் பார்த்து ஓட மறுக்கும். அப்படிப்பட்ட ஒன்றை மட்டும் டாஸ்பாக்ஸில், சைக்கிள்ஸைக் (பாவனை சிபியுவின் வேகம்) குறைத்து ஓட்டுங்கள். அசல் எக்ஸியின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஒற்றைநோடு:

பிகேலைட்தான். விரித்து, திருத்தி, ஓட்டியாச்சு. இரவு வேலை எதுவும் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி) போடணுமா?

சிஸ்ஆப்பு:

லார்டுக்கு வேண்டாம், அன்றைக்கு முதல் ஆள் நுழையும்போது தானே செஞ்சுக்கும். ட்ரேட்வார்ஸ் 2002 போட்டீங்கன்னா எக்ஸ்டெர்ன் என்ற எக்ஸியைத் தினமும் ஒருமுறை ஓட்டணும். கிரானில் வைக்கும்போது ஹோம் மாறியை மறந்துடாதீங்க.