கார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பத்து நிமிஷத்துல கட் ஆகுது, ஓம் கணக்குல தப்பா?

கோவை_ஸ்விஃப்ட்:
அண்ணா ஒரு ஹெல்ப். போன வாரம் வண்டில 4 சேனல் ஆம்ப் போட்டேன், 4 ஓம்ல சேனலுக்கு 60 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து குடுக்கற பவர்), பிரிட்ஜ்ல (ரெண்டு சேனல ஒண்ணா சேத்தா) 180. முன்னாடி 4 ஓம் காம்போனன்ட் செட் (ட்வீட்டர், வூஃபர் தனித்தனி), பின் ரெண்டு சேனல பிரிட்ஜ் பண்ணி டூயல் 4 ஓம் காயில் (ரெண்டு காயில் இருக்கற) சப்வூஃபர். சவுண்ட் கம்மியா வச்சா ஓடுது, ஏத்தினா கொஞ்ச நேரத்துல சிவப்பு லைட் எரிஞ்சு எல்லாம் நின்னுடுது, ஆம்ப் மேல கை வைக்க முடியல அவ்ளோ சூடு. ஃபிட் பண்ண கடைல கெயின (ஆம்ப் இன்புட் லெவல) குறைங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அப்புறம் ட்வீட்டர் 4 வூஃபர் 4ன்னா சேந்து 2 ஆயிடாதா?

மதுரை_வயரிங்:
கெயின விடுங்க தம்பி. சப்போட ரெண்டு காயிலும் ப்ளஸ்ஸோட ப்ளஸ், மைனஸோட மைனஸ் சேத்திருந்தா பேரலல், 2 ஓம். பிரிட்ஜ்ல ஒவ்வொரு சேனலும் அதுல பாதியத்தான் பாக்கும், அப்போ 1 ஓம் ஆச்சு, கரன்ட் எகிறாம என்ன பண்ணும்? மேனுவல்ல பிரிட்ஜுக்கு மினிமம் எவ்ளோன்னு பாருங்க, இந்த மாதிரி ஆம்ப்ல பெரும்பாலும் 4தான். ஆம்ப் பக்கம் சப் வயர கழட்டி மல்டிமீட்டர் வச்சு சொல்லுங்க.

கோவை_ஸ்விஃப்ட்:
1.8 காட்டுது. மேனுவல்ல பிரிட்ஜ் 4 ஓம்னு போட்டிருக்கு 😭

மதுரை_வயரிங்:
அதேதான். மீட்டர் காட்றது டிசி ரெசிஸ்டன்ஸ், 4 ஓம் காயிலே 3.6 கிட்டதான் வரும், அதுல பாதி 1.8. ஒரு காயிலோட மைனஸ இன்னொன்னோட ப்ளஸ்ல குடுத்து சீரிஸ் ஆக்குங்க, 8 ஓம் ஆயிடும், மீட்டர் 7 சொச்சம் காட்டணும். வாட்ஸ் 120 கிட்டதான் வரும், ஆனா ஆம்ப் பொழைக்கும். கடைல மாத்தித் தருவாங்கன்னா டூயல் 2 ஓம் சப் வாங்கிக்கோங்க, அத சீரிஸ் பண்ணா கரெக்டா 4, முழு 180ம் கெடைக்கும்.

பேஸ்_பைத்தியம்:
ட்வீட்டர் டவுட்டுக்கு: ஆகாது ப்ரோ. கிராஸ்ஓவர் ஹைய ட்வீட்டருக்கும் லோவ வூஃபருக்கும் பிரிச்சு விடுறதால ஆம்புக்கு எந்த ஃப்ரீக்வன்ஸிலயும் 4 கிட்டதான் தெரியும். கிராஸ்ஓவர் இல்லாம நேரா சேத்துடாதீங்க, ட்வீட்டர் அன்னிக்கே காலி, நான் ஒரு ஜோடி அப்படி எரிச்சிருக்கேன்.

கோவை_ஸ்விஃப்ட்:
சீரிஸ் பண்ணி மீட்டர் 7.2. அவிநாசி ரோட்ல முக்கால் மணி நேரம் ஃபுல்லா போட்டுப் பாத்தேன், லைட் எரியல, ஆம்ப் வெதுவெதுன்னுதான் இருக்கு. பேஸ் கொஞ்சம் கம்மிதான், சப்ப மாத்தித் தருவீங்களான்னு சனிக்கிழமை கடைல போய்க் கேக்கறேன்.