அம்மாவுக்கு 160/70, தங்கைக்கு 142/92: வயதுக்கு ஏற்ற பிரஷர்தானா?

குளச்சல் மகள்:
அம்மாவுக்கு 71 வயது. பிரஷர் 160/70. "வயதோடு நூறைக் கூட்டிப் பார், எனக்குக் குறைவுதான்" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். ஏழு மாதக் கர்ப்பிணியான தங்கைக்கு இன்று காலை 142/92. வெயிலில் நடந்து வந்த அலுப்பு என்கிறாள். யாரை முதலில் டாக்டரிடம் அழைத்துப் போவது?

தக்கலை, ஓய்வுபெற்ற கிராம செவிலியர்:
தங்கையை, மக்களே. இன்றைக்கே. அவளுடைய கர்ப்ப கால அட்டையில் முந்தைய மாத அளவுகளைப் பாருங்கள். நடு மாதங்களில் பிரஷர் சற்று இறங்குவதே வழக்கம்; அங்கே 104/64 என்று இருந்தால் இது பெரிய ஏற்றம். 20 வாரத்துக்குப் பிறகு 140/90 தொட்டாலே சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தாக வேண்டும். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஏதாவது இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அம்மாவின் கணக்கு பழைய கணக்கு. வயதானால் ரத்தக் குழாய் விறைக்கும். மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். பலருக்கும் அப்படி இருப்பதால் அது நல்லது என்று ஆகிவிடாது. பக்கவாதத்துக்கு அந்த மேல் எண்ணே போதும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் போகும்போது எழுந்து நின்ற பிறகும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்; நின்றதும் மேல் எண் 20 இறங்கினால் தலைசுற்றி விழக்கூடும், அதற்கேற்ப மருந்தை மாற்றுவார்கள்.

குளச்சல் வீட்டில் கருவாடு இல்லாமல் இருக்காது. கழுவி ஊறவைத்தாலும் உப்பு முழுதாகப் போகாது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான்.

குலசேகரம், ரப்பர் பால் வெட்டுபவர்:
எனக்கு வயது 34. தலைவலிகூட இல்லை, ஆனால் 150/96. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தும் அப்படியே. இளம் வயதுதானே என்று விட்டுவிடாதீர்கள். டீ குடித்த உடனே பார்க்க வேண்டாம்; ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பாருங்கள். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும்.

குளச்சல் மகள்:
தங்கையை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம் அக்கா. சிறுநீரில் புரதம் இருக்கிறதாம். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு இது போய்விடுமா?

தக்கலை, ஓய்வுபெற்ற கிராம செவிலியர்:
பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் முதல் வாரத்தில் ஏறவும் செய்யும். வீட்டுக்கு வந்த பிறகும் கிராம செவிலியரிடம் காட்டுங்கள். பின்னாளில் பிரஷர் வரும் வாய்ப்பு அவளுக்குக் கூடுதல், வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அம்மாவின் பெயரை 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் பதிந்துவிடுங்கள், மாத்திரை வீட்டுக்கே வரும்.