பக்லாஷ் என்பதற்குத் தமிழில் ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

திங்கள், இரவு 9.40
வெள்ளவத்தை ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மதியம் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டேன்.

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகள் 11 பேர் சேர்ந்து, மரத்தையும் அச்சிட்ட துண்டுகளையும் கொண்டு ஒரு சி.என்.சி., அதாவது கணினி சொல்லும் வழியில் மரம் வெட்டும் பொறி, செய்திருக்கிறார்கள். சட்டம் 18 மி.மீ. பிளைவுட். மோட்டர் தாங்கிகளும் பெயாரிங் கூடுகளும் முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுத்தவை. படிபடியாகச் சுற்றும் நேமா 17 மோட்டர் மூன்றும், அவற்றை ஆளும் அர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகை ஒன்றும் புறக்கோட்டையில் வாங்கினோம். ஊனோவுக்குள் ஓடுவது ஜி.ஆர்.பி.எல். என்ற மென்பொருள். பொறியைப் பார்த்தால் உங்களுக்கும் ஆசை வரும்.

முதல் நாள் ஒரு வட்டம் வெட்டினோம். வட்டத்தின் நாலு பக்கமும் சப்பையாக வந்தது. மோட்டர் சுற்றும் திருகுத்தண்டு ஒரு பக்கம் சுற்றிவிட்டு மறுபக்கம் திரும்பும்போது, மேசையோடு பூட்டிய நட்டு உடனே கூடப் போவதில்லை. சிறிய அசைவையும் ஊசியால் காட்டும் டயல் கேஜை வைத்து, 5 மி.மீ. முன்னே போய் 5 மி.மீ. பின்னே வரச் சொன்னோம். ஊசி பூச்சியத்துக்கு வரவில்லை, 0.4 மி.மீ. குறைவாக நின்றது. மோட்டருக்கு ஒரு சுற்றுக்கு 200 படி, ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரித்தால் 3200 நுண்படி. தண்டு ஒரு சுற்றில் 8 மி.மீ. தள்ளுகிறது. ஆக 1 மி.மீ.க்கு 400 நுண்படி, 0.4 மி.மீ.க்கு 160. திரும்பும் ஒவ்வொரு தடவையும் 160 நுண்படிக்கு மோட்டர் சுற்றுகிறது, மேசை அசையாமல் நிற்கிறது. இதைத்தான் பக்லாஷ் என்கிறார்கள்.

முதலில் "பின்னடிப்பு" என்று எழுதினேன். "யார் டீச்சர் அடிக்கிறது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அந்தச் சொல்லை வெட்டிவிட்டேன். வேறு சொல் தாருங்கள்.

பொறியின் பெயரை "கணினிவழித் துருவல் பொறி" என்று போட்டிருக்கிறேன். மில் என்று எழுதியிருந்ததைப் பார்த்த ஒரு தாய், மிளகாய் அரைக்கிறதா என்று கேட்டார். வீட்டில் எல்லோரிடமும் திருவலை இருக்கிறதுதானே, அதனால் துருவல் உடனே விளங்கும் என்று நினைக்கிறேன்.


செவ்வாய், காலை 6.15
கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புள்ள டீச்சருக்கு. துருவல் நல்ல தேர்வு. ஆனால் துருவல் பொறி என்று பிரித்து எழுதாதீர்கள், துருவற்பொறி என்று எழுதுங்கள். லகர ஈற்றின் முன் வல்லினம் வந்தால் றகரமாகத் திரியும், மெல்லினம் வந்தால் னகரமாகத் திரியும். தொழினுட்பம் என்று நம் பாடநூல்கள் இன்றும் எழுதுகின்றன. தமிழ்நாட்டில் தொழில்நுட்பம் என்று புணராமல் விட்டுவிட்டார்கள். நாமும் விட்டுவிட்டால், அடுத்த தலைமுறை கற்சிலையைக் கல்சிலை என்று எழுதும்.

இனி உங்கள் சொல். மோட்டர் சுற்றுகிறது, பலன் வரவில்லை என்றீர்கள். தமிழில் இதற்கென்றே ஒரு வினை இருக்கிறது, பொய்த்தல். "விண்இன்று பொய்ப்பின்" என்கிறார் வள்ளுவர். அங்கே பொய் என்பது வாய்ப்பொய் அல்ல. வர வேண்டியது வராமல் போதல். மழை பொய்த்தது, விளைச்சல் பொய்த்தது என்று கமக்காரர் இன்றைக்கும் சொல்கிறார்கள். உங்கள் தண்டின் சுற்றும் பொய்க்கிறது. ஆகவே பொய்ச்சுற்று. பொய்க்கால், பொய்த்தூக்கம் என்ற வரிசையில் இயல்பாக நிற்கும்.

விபுலானந்த அடிகள் 1936ல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். காரைதீவில் பிறந்தவர் அங்கே போய்த் தலைமை தாங்கினார். கலைச்சொல் ஆக்குவது நமக்குப் புதிதல்ல. ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை, சொல் சரியாக இருக்கட்டும்.


செவ்வாய், பிற்பகல் 1.05
மொறட்டுவை, எந்திரவியல் மாணவன்

ஐயாவின் சொல் அழகாக இருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றின் பக்கத்தில் வைத்தால் சுலபம். மெல்லிய தடிப்பை அளக்கும் நுண்மானித் திருகுக் கணிச்சியில் பூச்சியவழு படித்திருக்கிறார்கள். அதே கணிச்சியில்தான் இந்தப் பிழையும் வருகிறது. திருகை ஒரே திசையில் மட்டும் திருப்பி வாசிப்பு எடுக்கச் சொல்வது இதற்காகத்தானே. ஆகவே "திரும்பல்வழு".

வழு என்று வைத்தால் இன்னொன்றும் கிடைக்கும். சில மென்பொருள்கள் திசை மாறும்போது இழந்த படிகளைத் தாமே சேர்த்து ஓட்டும். மார்லின் என்ற மென்பொருளில் அந்த வசதி உண்டு, வழமையான ஜி.ஆர்.பி.எல்.லில் இல்லை. அதற்கு "வழுவமைதி" என்று பெயர் வைக்கலாமா ஐயா? நன்னூலில் படித்தது நினைவுக்கு வந்தது.


செவ்வாய், மாலை 5.30
கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, நீங்கள் நன்னூலை நினைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் வழுவமைதி பொருந்தாது. திணை, பால், இடம், காலம், செப்பு, வினா, மரபு என்று வழு ஏழு. அவற்றில் ஒன்று நிகழ்ந்தும், ஒரு காரணம் பற்றி ஆன்றோர் ஏற்றுக்கொண்டால் அது அமைதி. ஒருவன் தன் பசுவை "என் அம்மை வந்தாள்" என்று சொன்னால் திணை வழுவியது. உவப்பினால் சொன்னான், ஆகவே அமைந்தது. வழு அப்படியே இருக்கிறது, யாரும் அதைத் திருத்தவில்லை. உங்கள் மென்பொருளோ கணக்குப் போட்டு நிரப்புகிறது. அது ஈடுசெய்தல். "வழுவீடு" என்றால் சரியாக வரும்.

வழு என்ற சொல்லின் மூலமே வழுக்குதல்தான். வழுவழுப்பு, வழுக்கை, வழுக்கல் எல்லாம் அந்த வேர். நட்டு தண்டின்மேல் வழுவுகிறது என்று பார்த்தால் உங்கள் திரும்பல்வழுவுக்கும் ஒரு நியாயம் உண்டு. பொய்ச்சுற்றே மேல் என்றுதான் இப்போதும் சொல்வேன்.


செவ்வாய், இரவு 10.20
பஞ்சிகாவத்தை, லேத் பட்டறை நடத்தியவர்

டீச்சர், நான் 30 வருடம் லேத்துக்கு முன்னால் நின்றவன். இலக்கணம் ஐயாவிடம் இருக்கட்டும். பொறியைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

மென்பொருளில் ஈடு செய்வது படம் கீறும் பேனைக்குச் சரி. வெட்டும் பொறிக்குச் சரிவராது. வெட்டுக்கத்தி சுற்றும் திசையும் மேசை போகும் திசையும் சேர்ந்தால், கத்தி மரத்தைக் கவ்வி மேசையைத் தன் பக்கம் இழுக்கும். நட்டுக்கும் தண்டுக்கும் இடையில் 0.4 இடைவெளி இருந்தால் மேசை அவ்வளவும் பாயும். எந்தக் கணக்கும் அதைப் பிடிக்காது. கத்தி முறியும், இல்லாவிட்டால் பலகை கிழியும். வழி ஒன்றுதான். ஒரு நட்டுக்குப் பதில் இரண்டு போட்டு, நடுவில் ஸ்பிரிங் வையுங்கள். ஒன்று புரியின் இந்தப் பக்கத்தைத் தள்ளும், மற்றது அந்தப் பக்கத்தை. அச்சிட்ட நட்டை மட்டும் நம்ப வேண்டாம், அச்சுக்கு எடுக்கும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 பாகைக்குக் கிட்டப் போனாலே இளகும்.

இனிச் சொல். பட்டறையில் பிளே என்போம். எங்களோடு வேலை செய்த சிங்களப் பாஸ்மார் புருல் என்பார்கள். வீட்டில் அம்மா கயிற்றுக் கொடி தொய்ந்தால் என்ன சொல்வார்? இளக்கம். முடிச்சு இளக்கம், ஆணி இளக்கம், கட்டில் கால் இளக்கம். இறுக்கத்துக்கு எதிர் இளக்கம். இதற்குமேல் என்ன சொல் வேண்டும்?

ஆட்டம் என்று போடவேண்டாம். அது வேறு. கத்தி பிடிக்கும் தலை பக்கவாட்டில் அசைந்தால் அதுதான் ஆட்டம்.


புதன், காலை 11.00
சென்னையிலிருந்து ஒருவர்

இளக்கம் உங்களுக்குச் சரி. எங்கள் காதுக்கு அது உருகுவது மாதிரி இருக்கிறது. வெல்லம் இளகியது, மனம் இளகியது. பட்டறைக்காரர் எழுதியதிலேயே பாருங்கள், பி.எல்.ஏ. இளகும் என்று ஓரிடத்தில், ஆணி இளக்கம் என்று இன்னோரிடத்தில். ஒரே மடலில் இரண்டு பொருள்.

"நெகிழ்வு" என்று வைக்கலாம். தலைவனைப் பிரிந்தவள் மெலிகிறாள், தொடி நெகிழ்கிறது. வளையலுக்கும் கைக்கும் இடையே வெற்றிடம் விழுகிறது. நட்டுக்கும் தண்டுக்கும் இடையே விழுவதும் அதே வெற்றிடம்தானே. ஒன்று மற்றொன்றைச் சுற்றி இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை. சங்கப் பாடல் முழுக்க இந்தக் காட்சி கிடக்கிறது.


புதன், பிற்பகல் 3.45
பம்பலப்பிட்டி, மொழிபெயர்ப்பாளர்

தொடி நெகிழும் உவமை என்னை அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டது. நன்றி. ஆனாலும் இந்தப் பொறிக்கு நெகிழ்வு வேண்டாம். காரணம் மரப்பொறிக்கு இரண்டு தனித்தனி நோய்கள் உண்டு. ஒன்று நாம் பேசுவது. மற்றது சட்டமே வளைவது. கத்தியைத் தாங்கும் பிளைவுட் பாலமும் அச்சிட்ட தாங்கியும் கத்தியின் அழுத்தத்தில் வளைந்து, அழுத்தம் போனதும் பழைய இடத்துக்கு வரும். முதலாவதற்கு மருந்து இரட்டை நட்டு. இரண்டாவதற்கு மருந்து பலகையைத் தடிப்பாக்குவது, பாலத்தின் நீளத்தைக் குறைப்பது. நெகிழ்வு என்றால் பிள்ளைகள் இரண்டாவதைத்தான் நினைப்பார்கள். போதாததற்கு பிளாஸ்டிக்கை நெகிழி என்று வேறு எழுதத் தொடங்கிவிட்டோம். அச்சிட்ட துண்டெல்லாம் நெகிழி, அதில் நெகிழ்வு என்றால் முடிந்தது கதை.

"மீளிளக்கம்" என்று நானே முதலில் எழுதி அழித்தேன். மீள்தன்மை ஏற்கெனவே பௌதிகவியலில் வேறு வேலை பார்க்கிறது.

ஐயாவிடம் பணிவாக ஒன்று. அமெரிக்க மிஷன் மருத்துவரான கிறீன் வைத்தியர் 1847ல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அந்த மாணவர்கள் வகுப்பு முடிந்ததும் நோயாளிக்கு முன்னால் நிற்க வேண்டியவர்கள். நம் பிள்ளைகளும் பொறிக்கு முன்னால் நிற்கிறார்கள். பொய்ச்சுற்று என்றால் எதைத் தொட்டுப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. "புரியிளக்கம்" என்றால் கை நேரே புரிக்குப் போகும். புரியிடைத்தூரம் அவர்கள் படித்த சொல்.


புதன், இரவு 8.10
மொறட்டுவை, எந்திரவியல் மாணவன்

அக்கா, புரியிளக்கம் டீச்சரின் பொறிக்குப் பொருந்தும். எங்கள் பொறிக்குப் பொருந்தாது. எங்களுடையது திருகுத்தண்டில் அல்ல, பல் வைத்த பட்டியில் ஓடுகிறது. ஜி.டி.2 பட்டி, பல்லுக்குப் பல் 2 மி.மீ., 20 பல் கப்பி. அதில் புரியே இல்லை. பட்டிப்பல்லுக்கும் கப்பிப்பல்லுக்கும் இடையில்தான் இழப்பு. அதைப் "பல்லிளக்கம்" என்று எழுதினால் பல்வைத்தியர்களுடைய சொல்லை நாம் எடுத்ததாகும். பற்சக்கரத்திலும் இதே பிழை வரும். ஆகவே முன்னொட்டு இல்லாமல் இளக்கம் என்றே விட்டுவிடலாம். எங்கே என்பதை வாக்கியம் சொல்லட்டும், திருகில் இளக்கம், பட்டியில் இளக்கம் என்று. நான் திரும்பல்வழுவைக் கைவிடுகிறேன்.


வியாழன், இரவு 9.30
வெள்ளவத்தை ஆசிரியை

இன்று பின்னேரம் நாலு பிள்ளைகள் வந்திருந்தார்கள். விளக்கம் எதுவும் கொடுக்காமல், பொறியின் முன்னால் நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "இதில் இளக்கம் இருக்கிறது, பாருங்கள்" என்றதும் இரண்டு பேர் மேசையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார்கள். டக் டக் என்று சத்தம் வந்தது. ஒருத்தி குனிந்து நட்டைத் தொட்டாள். "பொய்ச்சுற்று" என்றபோது எல்லோரும் கணினித் திரையைப் பார்த்தார்கள். பிறகு நான் தண்டைக் கையால் மெதுவாகத் திருப்பிக் காட்டினேன். மேசை நின்றது. "ஓ, பொய்யாச் சுத்துது" என்று நட்டைத் தொட்ட அதே பிள்ளை சொன்னாள். ஐயா, அதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு நேரம் முடிந்துவிட்டது. கையேட்டில் இளக்கம் என்று போடுகிறேன். முதல் தடவை வரும் இடத்தில் பக்லாஷ் என்றும் சேர்த்து எழுதுகிறேன், இணையத்தில் தேடுவதற்கு அது வேண்டும். சட்டம் வளைவதற்கு வளைவு. தலை அசைவதற்கு ஆட்டம். மூன்றும் வேறு வேறு என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன், இந்த விவாதம் இல்லாவிட்டால் அந்தப் பக்கமே வந்திருக்காது. துருவற்பொறியும் ஐயா சொன்னபடியே.


வியாழன், இரவு 10.05
சென்னையிலிருந்து ஒருவர்

சரி. நான் இங்கே எழுதும்போது நெகிழ்வு என்றே எழுதுவேன்.


வெள்ளி, காலை 5.50
கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

டீச்சர், அச்சுக்குக் கொடுங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் என்னை ஒப்புக்கொண்டவர்களோடு சேர்க்க வேண்டாம். இளக்கம் என்பது நட்டுக்கும் தண்டுக்கும் நடுவில் இருக்கிற குறை. பொறி ஓடாமல் நின்றாலும் அது இருக்கும். 160 நுண்படி வீணாகச் சுற்றுவது அந்தக் குறையால் நடப்பது, பொறி திரும்பும்போது மட்டும். காரணத்துக்கும் காரியத்துக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் அப்படி வைத்தார்கள் என்றால் அது அவர்கள் செய்த கலப்பு, நாம் ஏன் அதைச் சுமக்க வேண்டும்? அந்தப் பிள்ளை இரண்டையும் இரண்டாகவே கண்டிருக்கிறாள். நட்டைத் தொட்டபோது ஒன்று, தண்டைப் பார்த்தபோது மற்றது. அடுத்த பதிப்பில் இரண்டு சொல்லும் வர வேண்டும்.


வெள்ளி, காலை 7.25
பஞ்சிகாவத்தை, லேத் பட்டறை நடத்தியவர்

ஐயா சொல்வதில் ஞாயம் இருக்கிறது, இரண்டையும் போட்டால் நல்லம். டீச்சர், என்னிடம் 8 மி.மீ. தண்டுக்குப் பித்தளை நட்டு ஆறு கிடக்கிறது, அளவான ஸ்பிரிங்கும் உண்டு. நாளைக்கு எட்டரைக்குக் கொண்டு வருகிறேன். டயல் கேஜைக் கழற்றாமல் வைத்திருங்கள், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பிள்ளைகளே அளந்து எழுதட்டும்.